விரித்த கடையும் விழித்த கண்ணும்

சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதையிலே புகார் நகரத்து மன்றங்கள் ஐந்து பேசப்படுகின்றன. அவற்றுள் முதலாவது வெள்ளிடை மன்றம். வேற்றூர்களிலிருந்து வந்த வணிகர் தத்தம் பெயரையும் எண்ணையும் நிறையையும் பொறித்த பொதிகளை அங்கே வெட்டவெளியிற் குவித்து வைத்திருப்பர். அவ்விடத்துக்கு வாயிற் கதவில்லை, தாழில்லை, காவலாளனும் இல்லை. எவனேனும் களவாட எண்ணி ஒரு பொதியிற் கை வைப்பானாயின், அம்மன்றம் அதனை அவன் தலையிலேற்றிக் கழுத்துக் கடுக்கச் சுற்றிச் சுற்றி அலையச் செய்யுமேயன்றி, வெளியே கொண்டு செல்ல விடாது. பொருளை யாவரும் காணப் பரப்பி வைத்தல் வேண்டும்; ஆனால் ஒருவரும் அதனைக் கவர்தலாகாது. இவ்விரண்டும் ஒருங்கே கைகூட வேண்டுமெனில் தெய்வமே காவல் நின்றாலன்றி இயலாது என்று அக்காலத்தவர் கருதினர் போலும்.

தெய்வக் காவல் இல்லாத நம் காலத்தில் இந்த இரண்டு ஆசைகளுக்கும் இடையில் அகப்பட்டுத் தவிப்போர் பலர். நகைக்கடைக்காரருக்குக் கண்ணாடிப் பெட்டி உண்டு. பெருங்கடைக்காரருக்குக் காவலாளரும் கமராவும் உண்டு. இவை யாதும் இல்லாமல், ஆறடி நீளமுள்ள ஒரு மேசையும் ஒரு நாற்காலியும் மாத்திரமே கொண்டு, ஆயிரக்கணக்கானோர் நெருக்கியடித்துச் செல்லும் மண்டபத்திலே தம் கைத்திறனை விரித்து வைத்து விற்பவர் ஒருவர் உளர். அவர்தாம் சித்திரக்கதை மாநாடுகளில் மேசை பிடிக்கும் ஓவியர்.

இம்மாநாடுகளைப் பற்றி முன்பு கேள்விப்படாத நேயர்களுக்காக ஒரு சிறு விளக்கம் வேண்டும். அமெரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள சன் டியாகோ நகரில் 1970ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம், சித்திரக்கதைப் புத்தகங்களில் ஆர்வங் கொண்டோர் ஏறக்குறைய முந்நூறு பேர் ஒரு ஹோட்டலிலே மூன்று நாட் கூடினர். கொமிக் கொன் எனப் பின்னர் உலகப் புகழ் பெற்ற விழாவின் தொடக்கம் அதுவே. இன்று அவ்விழா துறைமுகத்தை அடுத்த பெரிய மாநாட்டு மண்டபத்தில் நடைபெறுகின்றது. அங்கே வருவோர் தொகை ஒரு லட்சத்து முப்பதினாயிரத்துக்கு மேற்படும். யப்பானியத் தலைநகராகிய டோக்கியோவில் 1975 டிசம்பர் 21ஆந் திகதி, சித்திரக்கதை வரையும் 32 சிறு குழுவினர் ஏறத்தாழ எழுநூறு பேர் முன்னிலையில் தம் நூல்களை விற்றனர். கொமிக்கெற் எனப்படும் அச்சந்தைக்கு 2019 டிசம்பரில் நான்கு நாட்களிலும் வந்தோரைக் கூட்டினால் ஏழரை லட்சமாயிற்று. கொழும்பிலும் 2015ஆம் ஆண்டு தொடக்கம் லங்கா கொமிக் கொன் என்னும் விழா நடந்து வந்திருக்கின்றது.

இத்தகைய மண்டபங்களில் பெரிய நிறுவனங்கள் விளக்கலங்காரத்தோடு கூடாரம் அமைப்பதொரு பக்கம். மறுபக்கத்தில், வரிசை வரிசையாக மேசைகளையிட்டு, ஒவ்வொன்றின் பின்னும் ஓர் ஓவியர் அமர்ந்திருப்பார். அப்பகுதியை அமெரிக்கர் ஓவியர் ஒழுங்கை என்னும் பொருள்பட அழைப்பர். பெயருக்கேற்ப அது ஒடுக்கமான ஒழுங்கையேதான். கூட்டம் மிகும் வேளையில் அங்கே எதிரும் புதிருமாக இருவர் விலகிச் செல்வதே அரிது.

அம்மேசையொன்றின் பின்னால் அமர்ந்திருக்கும் இளம் ஓவியை ஒருத்தியை எண்ணிக் கொள்வோம். அவள் பெரிய பதிப்பகம் எதனிலும் உத்தியோகம் பார்ப்பவள் அல்லள். இரவு இரவாக விழித்திருந்து வரைந்தவற்றை அச்சகத்திற் கொடுத்து அச்சுப்படங்களாக்கியிருக்கிறாள். சட்டையிற் குத்தும் எனாமல் பின்களும், திறப்புக் கோர்வைகளும், ஒட்டுப்படங்களும் தொழிற்சாலையிற் செய்வித்திருக்கிறாள். தொழிற்சாலை ஒன்றிரண்டாகச் செய்து தராது. ஒரு வடிவத்துக்கு ஐம்பதோ நூறோ எடுத்தே தீர வேண்டும். மேசை வாடகை, போக்குவரத்துச் செலவு, தங்குமிடம் ஆகிய யாவும் விழாவுக்கு முன்னரே கையை விட்டுப் போனவை. ஒரு பின் செய்வதற்கு மூன்று டொலர் செலவாகி அது பத்து டொலருக்கு விற்கப்படுகிறது என்று வைத்துக்கொண்டால், ஒன்று களவு போகும்போது அடுத்த பின்னில் வரும் ஏழு டொலர் ஊதியத்தில் ஏறக்குறையப் பாதி அதற்கே சரியாகி விடுகின்றது. நாளொன்றுக்கு ஐந்தாறு பின்கள் இவ்விதம் மறைந்தால், பகலெல்லாம் தொண்டை வற்றப் பேசியது வீண். பெருங்கடைகள் களவினால் வரும் நட்டத்தைக் கணக்கிற் காட்டி மற்றப் பொருள்களின் விலையில் ஏற்றிவிடும். இவளுக்கு அந்த வசதியும் கிடையாது.

அப்படியாயின் பொருளையெல்லாம் பெட்டியிற் பூட்டி வைத்துக் கேட்டவருக்கு எடுத்துக் கொடுக்கலாமே என்று தோன்றும். பழங்காலத்து வணிகர் செய்தது அதுதான். பொருள் உள்ளே இருக்கும். வாங்குபவர் வெளியே நிற்பார். அவ்வாறிருந்துங் கூட இங்கிலாந்திலே கடைக் களவு மிகுந்தமையால், ஐந்து சிலிங்கும் அதற்கு மேலும் பெறுமதியுள்ள பொருளைக் கடையிற் கள்ளமாகத் திருடியவருக்கு மரண தண்டனை என்று 1699இற் சட்டஞ் செய்தனர். அத்தண்டனை முற்றாக நீங்குவதற்கு 1820கள் வரை செல்ல வேண்டியதாயிற்று. தூக்குமரத்துக்கும் அடங்காத களவு ஒன்று உண்டென்பதை ஒரு நூற்றாண்டுக்கு மேலாக அந்நாட்டார் கண்கூடாகக் கண்டனர்.

பொருளைத் தொட்டுப் பார்க்க விடுவதே விற்பனையின் உயிர் என்பதை நன்கறிந்தவர்களுள் பாரிஸ் நகரத்துப் பூசிகோ ஒருவர். 1852இல் பொன் மார்ஷே என்னும் கடையிற் பங்காளராகச் சேர்ந்த அவர், எவரும் வாங்காமலே உள்ளே வந்து பார்க்கலாம், விலை பொருளிலேயே குறிக்கப்பட்டிருக்கும், பேரம் இல்லை என்னும் முறைகளைக் கைக்கொண்டு அதனைப் பேரங்காடியாக வளர்த்தார். துணிகளும் நாடாக்களும் மேசைகளில் அருவிபோல வழிந்தன. வாணிபம் பெருகிற்று, களவும் உடன் பெருகிற்று. 1880இல் லசேக் என்னும் பிரெஞ்சு மனநோய் மருத்துவர் கடைப் பரப்பிலிருந்து திருடுவோரைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரையே எழுதினார். பேரங்காடி வாழ்க்கையை வைத்து எமிலி சோலா 1883இல் வெளியிட்ட நாவலிலும், செல்வக் குடும்பத்துச் சீமாட்டி ஒருத்தி சரிகை நாடாவைச் சட்டைக் கையினுள் ஒளிக்கும் காட்சி வருகின்றது. வறுமையாற் செய்த களவன்று அது. பரப்பி வைத்த அழகு செய்த களவு. பிறகு 1916இல் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் சோண்டர்ஸ் என்பவர், வாங்குவோர் தாமே கூடையில் எடுத்துக் கொள்ளும் பலசரக்குக் கடையைத் திறந்தார். அவர் கண்ட உபாயம், உள்ளே செல்ல ஒரு சுழற்கதவு, வளைந்து வளைந்து செல்லும் ஒரே பாதை, முடிவிலே காசு வாங்குபவர் என்பதாகும். பொருள் திறந்திருந்தது, வழி மூடப்பட்டிருந்தது.

ஓவியர் மேசைக்கு அந்தச் சுழற்கதவும் இல்லை. மேசையின் முன்னே நடமாடும் கூட்டம் இடத்தால் வரும், வலத்தால் மறையும். ஆகவே கதவு செய்ய வேண்டிய வேலையை, பொருள்களை அடுக்கும் முறையே செய்ய வேண்டியிருக்கின்றது. அனுபவமுள்ள ஓவியர்கள் பல விழாக்களில் அடிபட்டுக் கற்றுக் கொண்ட கலை இது.

அவர்கள் முதலிற் கேட்கும் கேள்வி, இப்பொருள் மூடிய கைக்குள் அடங்குமா என்பதே. பெரிய அச்சுப்படத்தை ஒருவர் கூட்டத்தின் நடுவே சுருட்டி எடுத்துச் செல்வது எளிதன்று. அதனை எடுக்கும்போது தாள் சலசலக்கும், மடங்கும், அயலவர் காண்பர். எனாமல் பின்னோ விரலிடுக்கில் மறையும். எனவே பின்களிலும் திறப்புக் கோர்வைகளிலும் வடிவத்துக்கு ஒன்று மாத்திரமே காட்சிக்கு வைக்கப்படும். துணி போர்த்திய ஒரு பலகையில் அவற்றை நூலாலே தைத்தோ, பின்புறத்திற் பூட்டாணி போட்டு இறுக்கியோ வைப்பர். ஒவ்வொன்றின் கீழும் ஓர் எண்ணும் விலையும் எழுதப்பட்டிருக்கும். வாங்குபவர், ஏழாம் எண் இரண்டு தாருங்கள் என்று கேட்பார். மேசையின் பின்னாலுள்ள பெட்டியிலிருந்து உறையிலிட்ட இரண்டு பின்கள் வரும். பலகையைத் தட்டையாகக் கிடத்தாமல் ஏடு விரித்தாற் போலச் சாய்த்து, மேசையின் முன் விளிம்பிலிருந்து ஒரு முழமாவது உள்ளே தள்ளி நிறுத்துவர். பார்ப்பவர் கண்ணுக்கு அது கிட்டும். கை நீட்டினால் அந்தக் கை யாவர் கண்ணிலும் படும்.

அச்சுப்படங்களுக்கும் இதே முறைதான். ஒவ்வொரு படத்திலும் ஒரு பிரதியை ஒளிபுகும் உறையிலிட்டுப் பின்புறத்துக் கம்பிச் சட்டத்தில் தொங்கவிடுவர்; அல்லது ஒரு கோப்பில் வரிசையாகச் சேர்த்து மேசைமேல் வைப்பர். கோப்பை யாரும் புரட்டலாம். அது தொலைந்தாலும் மாதிரிகள்தாம் தொலையும். சிலர் அக்கோப்பையும் ஒரு மெல்லிய சங்கிலியால் மேசைக்காலுடன் பிணைப்பதுண்டு. ஆனால் சங்கிலி கண்ணிற் பட்டவுடனே வருவோர் முகம் சிறிது வாடுவதையும் அவர்கள் கண்டிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்த விருந்தினர் முன் அலுமாரியைப் பூட்டுவது போன்றது அது.

கையால் வரைந்த மூலப்படங்கள் வேறு சாதி. ஒன்று போனால் மற்றொன்று இல்லை. அவற்றைக் காட்டியே தீர வேண்டுமெனில் சட்டமிட்டுப் பின்சுவரில் உயரக் கட்டுவர். அன்றி, நிறப்பிரதி ஒன்றை முன்னே வைத்து, மூலம் உள்ளே இருக்கிறது, விரும்பினால் எடுத்துக் காட்டலாம் என்று எழுதி வைப்பர். இது விற்பனைக்கும் நல்லது. உள்ளேயிருந்து எடுத்து இரு கையாலும் ஏந்திக் காட்டும் பொருளுக்குத் தனி மதிப்பு வந்துவிடுகின்றது.

ஆனால் யாவற்றையும் எட்டாத இடத்தில் வைத்தால் மேசை நூதனசாலையாகிவிடும். பார்த்துவிட்டுப் போவாரேயன்றி வாங்குவார் குறைவர். ஆகவே கைக்கு எட்டத்தக்கதாகச் சிலவற்றை விட்டே ஆக வேண்டும். எதை விடுவது? போனால் பெரிதும் நோகாததை விடுவது. சில சதம் பெறுமதியுள்ள ஒட்டுப்படங்கள், அறிமுக அட்டைகள் ஆகியன முன்வரிசையில் இருக்கும். குழந்தை ஒன்று அவற்றை அளைந்து விளையாடினாலும் பாதகமில்லை. அதனைப் பார்த்துக்கொண்டு நிற்கும் தாய், சிறிது நேரத்தில் மேலே தொங்கும் படத்தின் விலையைக் கேட்பாள்.

குவித்து வைப்பதா, வரிசையாக அடுக்குவதா என்பது மற்றொரு கேள்வி. குவியல் மலிவைக் காட்டும். கை தானாக அதனுள் நுழையும். ஆயின் குவியலில் மூன்று குறைந்தால் உடையவருக்கே தெரியாது. ஐந்து ஐந்தாக நிரைப்படுத்தி வைத்தால் ஒன்று போனவுடன் பல் விழுந்த வாய்போல இடைவெளி தெரியும். எடுக்க நினைப்பவருக்கும் அது தெரியும். நிரல் என்பதே ஊமைக் காவலாளன். வீட்டிலே ஏலக்காயை எண்ணி வைக்கும் பாட்டிமாருக்கு இந்தச் சூட்சுமம் புதிதன்று.

இங்கே பலர் செய்யும் தவறொன்றைக் கூறாமல் அப்பாற் செல்லலாகாது. மேசை சிறியது, படங்கள் பல. ஆகவே முன்புறத்திலேயே கம்பிச் சட்டங்களை உயர உயரக் கட்டிப் படங்களைத் தொங்கவிட்டு, அவற்றின் பின்னே ஓவியர் பதுங்கிவிடுவார். அவர் எண்ணத்தில் அது அரண். உண்மையிலோ அது திரை. திரையின் வெளிப்புறத்தில் நடப்பது அவருக்குத் தெரியாது. வாங்க வந்தவருக்கும் ஆளைக் காணாமையாற் பேச்சுக் கொடுக்க மனம் வராது. சட்டங்கள் பின்னே, ஓவியர் நடுவே, சிறு பொருள்கள் முன்னே என்றிருப்பதுதான் இரு வகையாலும் நன்று. இருபுறம் திறந்த மூலைமேசை கிடைத்தால் மகிழ்பவர்கள் உண்டு. விற்பனை அங்கே கூடுதல் என்பது மெய். ஆனால் ஒருவரால் இரு பக்கமும் பார்க்க முடியாது. துணைக்கு ஆள் இல்லாதவர் அதன் ஒரு பக்கத்தைத் தொங்கும் படங்களால் மூடிக் கொள்வதே புத்தி.

இனி, இத்தொழிலுக்கே உரிய ஓர் இடுக்கண் உண்டு. மற்ற வணிகன் விற்க மாத்திரமே அமர்ந்திருக்கிறான். ஓவியரோ வரையவும் அமர்ந்திருக்கிறார். கேட்பவருக்கு அவ்விடத்திலேயே படம் எழுதிக் கொடுப்பது ஓவியர் ஒழுங்கையின் பெருஞ்சிறப்பு. தூரிகை தாளில் ஓடத் தொடங்கியதும் பத்துப் பேர் சூழ்ந்து கொள்வர். விளம்பரம் என்று அதைவிட வேறென்ன வேண்டும்? ஆனால் அந்தப் பத்துப் பேரும் மேசையை நெருங்கி நிற்கும் அதே வேளையில் உடையவர் கண் தாளில் இருக்கின்றது. கலை எவ்வளவு ஆழ்ந்ததோ காவல் அவ்வளவு குறைந்தது. தலை நிமிராமல் வரையும் ஓவியரைக் காணும்போது ரசிகருக்குத் தோன்றும் மரியாதை வேறு. களவெண்ணம் உடையவருக்குத் தோன்றும் துணிவு வேறு.

இதற்கு முழு மருந்தில்லை. தணிக்கும் வழிகள் உண்டு. வரையும் பலகையை மடியில் வைக்காமல் மேசைமேற் சாய்த்து வைத்தால், நிமிர்ந்த தலையுடன் வரையலாம். முன்னே அசையும் கைகள் ஓரக்கண்ணிற் படும். வரையும்போது பேசிக்கொண்டிருப்பதும் பயன் தரும். சிலர் நெருக்கமான மதிய வேளையில் வரைவதை நிறுத்தி, கேட்டோர் பெயரைக் குறித்துக் கொண்டு, இரவில் தங்குமிடத்தில் வரைந்து மறுநாட் காலை கொடுப்பர். எல்லாவற்றினும் சிறந்தது துணையாள். தங்கையோ தோழியோ ஒருவர் பக்கத்தில் நின்று விற்பனையைப் பார்த்தால், ஓவியை தாளை நிம்மதியாகப் பார்க்கலாம். துணைக்கு வருபவருக்கும் நுழைவுச் சீட்டு, உணவு, தங்குமிடம் வேண்டுமாதலால், தனியே வருவோரே பலர்.

அத்தகையோருக்குக் கைகொடுப்பது அயல்மேசை. காலையில் மேசை விரித்தவுடன் இரு புறத்தாரையும் பெயர் கேட்டு அறிந்து கொள்வது மரியாதை மாத்திரமன்று. உணவுக்கோ கைகால் கழுவவோ எழுந்து செல்லும்போது, சிறிது பார்த்துக் கொள்ளுங்கள் என்று சொல்ல ஒருவர் வேண்டும். செல்லுமுன் ஒரு பெரிய துணியால் மேசையை முழுதும் மூடிவிடுவது வழக்கம். துணியைத் தூக்கிப் பார்க்கும் ஒருவர், அறியாமல் எடுத்தேன் என்று பின்னர் சொல்ல முடியாது.

டோக்கியோவின் கொமிக்கெற் சந்தையில் இந்த அயலுறவு இன்னும் நெருக்கமானது. இடம் அவ்வளவு ஒடுக்கம். ஒரு குழுவுக்குக் கிடைப்பது பாதி மேசைதான்: 90 சென்ரிமீற்றர் நீளம், 45 சென்ரிமீற்றர் அகலம். அதன்மேல் தாமே அச்சிட்ட நூல்களைக் கட்டுக் கட்டாக அடுக்குவர். அங்கே பெரும்பாலும் விற்பது நூலாதலால், மாதிரி என்று குறித்த ஒரு பிரதியை முன்னே வைப்பர். அதனை எடுத்துப் பார்க்க விரும்புபவர், பார்க்கலாமா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டே தொடுவது அங்குள்ள பழக்கம். அந்த ஒரு வார்த்தையில் எவ்வளவு அடங்கியிருக்கிறது! கேட்டவர் முகத்தை விற்பவர் பார்த்துவிடுகிறார். விற்பவர் தம்மைப் பார்த்ததைக் கேட்டவரும் அறிகிறார். மேலும் அச்சந்தையை நடத்துவோர், இங்கே வாடிக்கையாளர் என்று எவரும் இல்லை, விற்பவர் வாங்குபவர் தொண்டர் யாவரும் பங்குபற்றுவோரே என்று இடையறாது வற்புறுத்தி வந்திருக்கிறார்கள். தன் வீட்டு விழாவிலே களவு செய்யக் கூசும் மனம் மனிதருக்கு இயல்பு. அமெரிக்க மண்டபங்களிலே பெருநிறுவனங்களின் கூடாரங்களும் சிறு ஓவியர் மேசைகளும் ஒரே கூரையின் கீழ் இருப்பதனால், இவையும் பணக்காரக் கம்பனியின் பொருள்தானே என்று எண்ணிவிடுவோர் இல்லாமற் போகார்.

முகமன் கூறுவதின் பயன் எந்த நாட்டுக்கும் பொதுவானது. மேசையண்டை வந்து நிற்பவரை நிமிர்ந்து பார்த்து, வாருங்கள், நலமா என்பது போல ஒரு சொல் சொன்னால் வாங்க வந்தவர் மகிழ்வார். வேறு நோக்கோடு வந்தவர், தாம் கவனிக்கப்பட்டதை உணர்ந்து நகர்வார். ஒரே சொல் இரு வேலை செய்கின்றது. இதனை விட்டு, வருவோர் போவோரையெல்லாம் கள்வரெனச் சந்தேகித்து முறைத்துப் பார்ப்பவர் கதி வேறு. சிறுவர் என்பதனால், உடை கசங்கியிருப்பதனால், தோல் நிறம் வேறாயிருப்பதனால் ஒருவரைப் பின்தொடர்ந்து நோக்கும் கண் எவ்வளவு கசப்பை விளைவிக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. சோலாவின் சீமாட்டி பட்டாடைதான் உடுத்திருந்தாள்.

காசுக்கு வருவோம். உண்மையில் ஓவியர் மேசையில் நேரக்கூடிய பெரிய களவு பின்னுமன்று, படமுமன்று, காசுப்பெட்டியே. ஒருவர் மேசையின் ஒரு கோடியில் நின்று கேள்வி மேற் கேள்வி கேட்பார். ஓவியை முகம் மலர்ந்து விடையளிப்பாள். மறுகோடியில் வேறொருவர் கை நீளும். மூன்று நாள் உழைப்பு ஒரு நொடியில் மறையும். ஆதலால் தகரப் பெட்டியை மேசைமேல் வைப்பதைப் பழகியவர்கள் விட்டுவிட்டார்கள். இடுப்பிற் கட்டும் பை, அல்லது தையற்காரர் அணிவது போன்ற பைகள் வைத்த முன்துணி: காசு உடம்போடு இருக்க வேண்டும். பெரிய தாள்களை அவ்வப்போது வேறிடத்துக்கு மாற்றிவிட வேண்டும். டோக்கியோவில் நூலின் விலையை 500 யென், 1000 யென் என்று முழுத்தொகையாக வைப்பதன் ஒரு காரணம் சில்லறை எண்ணும் நேரத்தைக் குறைப்பது. குனிந்து சில்லறை எண்ணும் நேரமும் கண் அகலும் நேரந்தானே.

கடனட்டை இதிற் பெரிய மாறுதலைச் செய்திருக்கின்றது. அமெரிக்காவின் சென். லூயிஸ் நகரில் கண்ணாடி ஊதிக் கலைப்பொருள் செய்யும் ஜிம் மக்கெல்வி என்பவருக்கு, வாங்குபவரின் கடனட்டையை ஏற்க வழியில்லாமையால் ஒரு பெரிய விற்பனை கைதவறிப் போயிற்று. அந்த ஏமாற்றத்திலிருந்து, கைத்தொலைபேசியிலே செருகி அட்டையைப் படிக்கும் சிறு கருவியை அவரும் ஜாக் டோர்சியும் சேர்ந்து உருவாக்கினர். 2009இல் அவர்கள் தொடங்கிய நிறுவனம் ஸ்குவெயர். ஒரு கைவினைஞரின் மேசையிற் பிறந்த கருவி இன்று அவ்வகை மேசைகள் பலவற்றிலும் இருக்கின்றது. பெட்டியிற் காசு குறையக் குறையக் கள்வருக்கு வேலை குறைகின்றது. அந்தத் தொலைபேசியையே மேசைமேல் வைத்து மறந்துவிடாதிருத்தல் வேண்டும் என்பது தனிக்கதை.

இத்தனைக்கும் பிறகு ஒருவர் ஒரு பின்னை எடுத்துச் சட்டைப்பையில் இடுவதைக் கண்ணாற் கண்டால் என் செய்வது? பாய்ந்து கையைப் பிடிப்பது கூடாது. கண் தவறாகக் கண்டிருக்கலாம். அவர் காசெடுக்கப் பையைத் துழாவியிருக்கலாம். பிடித்து நிறுத்துவதற்குச் சட்டம் எவ்வளவு இடங்கொடுக்கும் என்பதும் இடத்துக்கிடம் வேறுபடும். அனுபவசாலிகள் மெல்லிய குரலிலே, அதனை உறையிலிட்டுத் தரட்டுமா என்று கேட்பார்கள். பெரும்பாலும் பொருள் மேசைக்குத் திரும்பும். சில வேளை விலையே வந்துவிடும். ஓடிவிட்டால் துரத்தலாகாது. ஒரு பின்னைத் துரத்தி ஓடுபவர் முழு மேசையையும் ஆளின்றி விட்டு ஓடுகிறார். உருவத்தையும் உடையையும் மனத்திற் குறித்து விழா நடத்துவோரின் காவலரிடம் சொல்லி, அயல்மேசைகளையும் எச்சரிப்பதே செய்யத்தக்கது.

ஒவ்வொரு நாளும் காலையிலும் மாலையிலும் எண்ணுதல் வேண்டும். வடிவத்துக்கு எத்தனை கொண்டுவந்தோம், எத்தனை விற்றோம், எத்தனை எஞ்சின என்று ஒரு சிறு கொப்பியில் எழுதாதவருக்கு, தமக்கு நேர்ந்தது களவா மறதியா என்பதே தெரியாது. நெருக்கடியில் விற்றதைக் குறிக்க மறந்துவிட்டு, இரவிலே கள்வரை வைது கொண்டிருப்போர் அநேகர். பெட்டியின் அடியிற் கிடந்த பத்துப் பின்கள் வீடு திரும்பிய பின் அகப்படுவதும் உண்டு.

இரவில் மண்டபக் கதவுகள் பூட்டப்படும். எனினும் துப்புரவு செய்வோர், மின்வேலை செய்வோர், பிற மேசைக்காரர் எனப் பலர் முன்னும் பின்னும் நடமாடுவர். மேசையைத் துணியால் மூடி அதன் ஓரங்களைக் கவ்விகளால் இறுக்கிவிட்டு, பின் பெட்டியையும் மூலப்படங்களையும் ஓவியை தன்னுடனே தூக்கிச் செல்வாள். பகல் முழுதும் நின்ற காலுக்கு அந்தப் பாரம் மிகையே. விட்டுச் செல்லலாமா என்று ஒவ்வொரு மாலையும் மனம் கேட்கும்.

கடைசி நாள் பின்னேரம் வேறு வகை. கூட்டம் கலையத் தொடங்கும். அயலவர்கள் சட்டங்களைக் கழற்றுவர். பெட்டிகள் நடைபாதையிற் கிடக்கும். யார் பெட்டி யாருடையது என்று தெரியாத குழப்பம். களைப்பினால் எல்லாருடைய கண்ணும் சோர்ந்திருக்கும் நேரம் அது. பழகியவர்கள் அப்போதும் ஒரு முறையையே பின்பற்றுவர்: முதலிற் காசு, அடுத்து மூலப்படங்கள், அதன்பின் சிறு பொருள்கள், சட்டங்களும் விரிப்பும் கடைசியில். பலகையிலே தைத்திருந்த மாதிரிப் பின்களும் இன்னும் கழற்றப்படாமல் இருக்கும். ஏழாம் எண்ணில் உறையிலிட்டவை யாவும் விற்றுத் தீர்ந்துவிட்டன. ஒரு சிறுமி வந்து அதனையே கேட்கிறாள். மூன்று நாளும் யார் யாரோ விரலால் தடவிப் பார்த்தமையால் எனாமல் சற்று மங்கியிருக்கிறது. ஓவியை கத்தரிக்கோலை எடுத்து நூலை அறுத்து, பின்னைத் துணியால் துடைத்து, பாதி விலைக்குக் கொடுத்துவிட்டுக் கொப்பியில் ஏழாம் எண்ணுக்கு நேரே கோடிட்டாள்.